நெய் பூசிய வேலும் துருவேறிய குழலும்

சென்ற ஆண்டு தைத் திருநாளை ஒட்டி என் தாயார் பிறந்த ஊரான சேவுகம்பட்டிக்குச் சென்றிருந்தேன். பட்டிவீரன்பட்டிக்கு அருகே, மாலையானால் மேற்கு மலையின் நிழல் வந்து விழும் சமவெளியில் அமைந்த ஊர். தை மாதத்தில் இங்குள்ள சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறைவிடும் விழா நடக்கும். வேண்டுதல் நிறைவேறியவர்கள் கூடைகூடையாய்ப் பழம் கொணர்ந்து வீச, ஊரே கையேந்தி நிற்கும். அந்த ஆரவாரம் அடங்கிய மறுநாள், மாமன் மகன் தான் கட்டிக்கொண்டிருக்கும் புதுவீட்டைக் காட்டுவதற்காக என்னை அழைத்துச் சென்றான். கூடத்துச் சுவரில் இரண்டு ஆணிகள் அடிக்கப்பட்டிருந்தன.

“தாத்தா துப்பாக்கிய இங்கதான் மாட்டப் போறேன் மச்சான். குழல் சும்மா வெள்ளியாட்டம் மின்னணும்” என்றான்.

துப்பாக்கி தரையில் ஒரு சாக்கின்மேல் கிடந்தது. வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் பழைய வகை. கட்டையைக் கறையான் பாதி தின்றிருந்தது. குதிரை என்றைக்கோ கழன்று தொலைந்துவிட்டது. நெருப்பு உள்ளே பாயும் பற்றுவாய் அடைபட்டிருந்தது. குழலின் அடிப்பகுதியில் சுண்டுவிரல் நுழையுமளவு வெடிப்பு. உடல் முழுதும் செந்துரு. அருகில் உப்புத்தாள், கம்பி பிரஷ், துரு நீக்கும் திரவம் ஒரு புட்டி, கறுப்பு ஸ்பிரே பெயிண்ட் ஒன்று ஆகியவை வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. “ஒரு வாரம் பொறு” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஏன் பொறுக்க வேண்டும் என்பதை அன்று என்னால் விளக்கிச் சொல்ல இயலவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போர்க்கருவியைப் பேணுவது பற்றித் தமிழில் பேச வேண்டுமாயின் ஔவையிடமிருந்தே தொடங்க வேண்டும். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவைக்கு அவன் தன் படைக்கொட்டிலைப் பெருமையோடு காட்டினான். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அந்தக் காட்சியைச் சொல்கிறது. தொண்டைமானின் வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பட்டு, நெய் பூசப்பட்டுக் காவல்மிக்க மனையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறிய உலைக்கூடத்தில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்ந்த அந்த நயத்தை நாம் வகுப்பறைகளில் விரித்துரைப்பதுண்டு. நயத்தை ஒதுக்கிவிட்டுச் செய்தியை மட்டும் பார்த்தால் தொழில்நுட்பக் குறிப்பு ஒன்று கிடைக்கிறது. இரும்புக்கு நெய் பூச வேண்டும் என்பது ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரண்மனைப் பழக்கமாக இருந்திருக்கிறது. கொழுப்பு ஈரத்தை அண்டவிடாது. இன்று துப்பாக்கிக்குப் பூசும் எந்திர எண்ணெய் வரை அந்த அடிப்படை மாறவில்லை.

நெய் எதைத் தடுக்கிறது? இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் கூடுமிடத்தில் துரு பிறக்கிறது. ஈழத்தமிழர் இதனைக் கறள் என்பர். செந்துருவின் கொடுமை அதன் நிறத்தில் இல்லை, அதன் உடலமைப்பில் இருக்கிறது. தான் பிறந்த இரும்பைவிட அது பருமனானது, நுண்துளைகள் நிறைந்தது, பொருக்குப் பொருக்காக உதிர்வது. உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட, அதுவும் துருவாகிறது. செம்பின் நிலை வேறு. செம்பிலும் வெண்கலத்திலும் படிவதைத் தமிழ் துரு என்று சொல்வதில்லை, களிம்பு என்கிறது. ஆணவ மலம் உயிரோடு என்றும் உடனிருப்பதற்குச் சைவ சித்தாந்திகள் உவமை தேடியபோது செம்பையும் களிம்பையும்தான் எடுத்துக்கொண்டனர். வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்காக அவர்கள் களிம்பைக் கருதவில்லை. ‘கன் மெட்டல்’ என்று இன்றும் பட்டறைகளில் வழங்கும் உலோகம், செம்போடு வெள்ளீயமும் சிறிது துத்தநாகமும் கலந்தது. பீரங்கி வார்க்கப் பயன்பட்டதால் அந்தப் பெயர். அதில் களிம்பு ஏறுமேயன்றித் துரு ஏறாது. ஆயினும் கைத்துப்பாக்கிகளின் குழல்கள் பெரும்பாலும் இரும்பாலேயே ஆயின. அதனால் துப்பாக்கியின் வரலாறு முழுவதும் துருவோடு நடந்த போராட்டத்தின் வரலாறாகவும் அமைந்துவிட்டது.

இரண்டு சொற்களுமே வந்தேறிகள். துப்பாக்கி துருக்கிச் சொல்லின் வழிவந்தது. பீரங்கி, ஐரோப்பியரைக் குறித்த ‘ஃபிரங்கி’ என்ற சொல்லின் திரிபு. சொற்கள் வெளியிலிருந்து வந்தாலும் நம் கொல்லர்கள் வெறும் பார்வையாளர்களாக இருந்துவிடவில்லை. தஞ்சாவூர்க் கீழவாசல் பகுதியில் பீரங்கி மேட்டின் மீதுள்ள பெரும்பீரங்கி அதற்குச் சான்று. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரகுநாத நாயக்கர் காலத்தில் செய்யப்பட்டதாகக் கருதப்படும் அது ஏழரை மீட்டர் நீளமுடையது. எடை ஏறத்தாழ 22 டன். இது வார்ப்பு வேலையன்று. நீண்ட இரும்புப் பட்டைகளை உருளையாக அடுக்கி, அவற்றின்மேல் இரும்பு வளையங்களைக் காய்ச்சிப் பூட்டி, சம்மட்டியால் அடித்தே ஒன்றாக்கியிருக்கிறார்கள். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் கிடந்தும் அது துருவால் அழிந்துவிடவில்லை.

இத்தகைய இரும்பைப் பற்றி ஆழ்ந்து ஆராய்ந்தவர் கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம். தில்லி இரும்புத் தூண் பதினாறு நூற்றாண்டுகள் நிலைத்து நிற்பதன் காரணத்தை அவர் விளக்கினார். பழைய முறையில் கரியிட்டு உருக்கி எடுத்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாகத் தங்கிவிடுகிறது. அது துருவோடு சேர்ந்து இரும்பின் மேற்பரப்பில் மெல்லிய, இறுகிய படலமொன்றை உண்டாக்குகிறது. அந்தப் படலம் பின்னர் வரும் துருவைத் தடுக்கிறது. தூண் துருப்பிடிக்கவே இல்லை என்று பொதுவாகச் சொல்வது முழு உண்மையாகாது. தொடக்கத்தில் ஏறிய துருவே பின்னர் அதற்குத் தோலாயிற்று. இந்தச் செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் வட்டாரத்துக்கு வருவோம். திண்டுக்கல் மலைக்கோட்டை நாயக்கர் காலத்தில் எழுந்தது. மைசூர் அரசின் அலுவலராக 1755இல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் பொறுப்புக்கு வந்தார். ஐரோப்பியத் தொழில் வல்லுநர்களை அமர்த்தி, பீரங்கிப் படையையும் ஆயுதச் சாலையையும் வெடிமருந்துக் கூடத்தையும் அவர் அமைத்தது இவ்வூரில்தான். பின்னாளில் கும்பினியை நடுங்க வைத்த மைசூர்ப் படைவலிமையின் தொடக்கப் பட்டறைகளுள் ஒன்று நம் திண்டுக்கல் என்பதைப் பலரும் மறந்துவிட்டோம். பூட்டு நினைவிருக்கிறது, துப்பாக்கி நினைவில்லை. 1790இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தனர். 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கும்பினியின் கைக்குப் போயிற்று.

அந்நாளைய துப்பாக்கிக்குத் துரு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த கருமருந்து எரிந்தபின் குழலுள் படியும் கசடு, உப்புத் தன்மையது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சுட்டபின் கழுவாது வைத்த குழல் ஓரிரு நாட்களில் உட்புறம் செம்மையேறத் தொடங்கும். எண்ணெய் மட்டும் விட்டுத் துடைத்தால் உப்புக் கரையாது. அதனால் படைவீரர்கள் குழலுள் கொதிநீரை ஊற்றிக் கழுவினர். நீர் உப்பைக் கரைத்து வெளியேற்றும், நீரின் சூட்டில் குழல் தானே உலரும், அதன்பின் எண்ணெய். இரும்புக்குப் பகையான நீரே இரும்பைக் காத்த விந்தை இது.

வெளிப்புறத்தின் கதை இன்னும் சுவையானது. கும்பினியின் சிப்பாய்கள் ஏந்திய நீண்ட துப்பாக்கி ‘பிரவுன் பெஸ்’ என்ற செல்லப் பெயரால் அறியப்பட்ட வகையைச் சேர்ந்தது. கும்பினிக்கென்றே சற்றுக் குட்டையான குழலோடு செய்யப்பட்ட ‘இந்தியா பேட்டர்ன்’ துப்பாக்கியை, பிரெஞ்சுப் போரின் நெருக்கடியில் 1790களில் பிரிட்டன் தன் சொந்தப் படைக்கும் எடுத்துக்கொண்டது. பெயரில் பழுப்பு இருந்தாலும், அந்தத் துப்பாக்கிகளின் குழல்கள் நெடுங்காலம் தேய்த்து மெருகிடப்பட்டு வெள்ளை வெளேரென்று மின்னின. அணிவகுப்பில் குழல் மின்னாவிட்டால் வீரனுக்குத் தண்டனை. ஆகவே அவன் செங்கற்பொடியும் எண்ணெயும் வைத்து நாள்தோறும் தேய்த்தான். நம் வீடுகளில் பித்தளைக் குடத்துக்குச் செங்கற்பொடியும் புளியும் போல. தேய்க்கத் தேய்க்க இரும்பு குறையும். உட்பகை உற்ற குடி எப்படி அழியும் என்று சொல்ல வந்த வள்ளுவர், அரத்தால் அராவப்படும் இரும்பு தேய்வதை உவமையாக்கினார். அந்தக் குறளில் பொன் என்ற சொல் இரும்பையே குறிக்கிறது. ஆண்டுக்கணக்கில் செங்கற்பொடி தின்ற குழல்களுக்கும் அந்த உவமை பொருந்தும்.

மின்னும் குழலுக்கு மற்றொரு கேடும் உண்டு. வெயிலில் அது ஒளியைத் தெறித்துத் தன்னை ஏந்தியவனைக் காட்டிக்கொடுக்கும். வேட்டைக்காரர்கள் இதை முன்பே அறிந்திருந்தார்கள். பிரிட்டிஷ் படையிலும் மறைந்திருந்து சுடுவோருக்கென 1800ஆம் ஆண்டளவில் வந்த பேக்கர் ரைபிளின் குழல் பழுப்பேற்றப்பட்டே வந்தது. 19ஆம் நூற்றாண்டு வளர வளர மெருகிட்ட குழல் வழக்கொழிந்தது.

பழுப்பேற்றுதல் என்றால் என்ன? சாயம் பூசுவதாக நினைத்துவிடக் கூடாது. கொல்லன் செய்வது, இரும்பைத் தானே முனைந்து துருப்பிடிக்க வைப்பது. முதலில் குழலில் எண்ணெய்ப் பசை சிறிதும் இல்லாமல் நீக்குகிறான். பிறகு அமிலமும் உப்பும் கலந்த கரைசலை மெல்லிய துணியால் ஒரே சீராகத் தடவுகிறான். ஈரம் மிகுந்த அறையில் பல மணி நேரம் வைக்கிறான். குழலின் மேல் பட்டுப்போல் நுண்ணிய செந்துரு பூக்கிறது. ஒட்டாத துருவை மென்மையான தூரிகையால் துடைத்து நீக்குகிறான், ஒட்டியதை விட்டுவிடுகிறான். மீண்டும் கரைசல், மீண்டும் ஈரம், மீண்டும் தூரிகை. நாட்கணக்கில் பலமுறை இப்படிச் செய்தபின் ஆழ்ந்த பழுப்பு நிறத் தோல் ஒன்று குழலைப் போர்த்துகிறது. ஒவ்வொரு முறையும் குழலைக் கொதிநீரில் இட்டால் செந்துரு கருநிறத் துருவாக மாறும். வேதியியலார் இதை மேக்னடைட் என்பர். நாம் காந்தக்கல் என்று அறிந்த கனிமமும் அதுவே. அது உதிராது, இரும்பை இறுகப் பற்றி நிற்கும், எண்ணெயைத் தன் நுண்துளைகளில் தேக்கி வைத்துக்கொள்ளும். கருநீலமாக ஒளிரும் பழைய குழல்கள் பலவற்றின் அழகு இவ்வாறு பிறந்தது.

தில்லித் தூணுக்குக் காலம் செய்ததைத் துப்பாக்கிக் கொல்லன் சில நாட்களில் செய்கிறான். துருவைக் கொண்டே துருவை அடைக்கிறான்.

பின்வந்த முறைகள் வேகமானவை. காரச் சோடாவும் வெடியுப்பு வகைகளும் கலந்த கொதிகரைசலில் நூற்று நாற்பது பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில் அரைமணி அளவு அமிழ்த்தினால் குழல் கறுத்துவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொழிற்சாலைகள் இதைப் பின்பற்றின. வீட்டில் யாரும் முயலக்கூடாத முறை. தெறித்தால் கண்ணும் தோலும் வெந்துபோகும். குளிர்நிலையில் தடவும் கரைசல்களும் கடைகளுக்கு வந்தன. இவற்றுள் பல செலீனியம், செம்பு ஆகியவற்றின் உப்புக்களால் ஆனவை, நஞ்சுடையவை. அவை தரும் கறுப்பு மிக மெல்லியது. கைபட்டுக் கைபட்டுச் சில மாதங்களில் தேய்ந்து போகும்.

கருவி மட்டும் இருந்து என்ன? அதை வைத்திருக்கும் உரிமை வேண்டுமே. துருவின் வரலாறு அரசியலோடு வந்து சேருமிடம் இது. பாளையக்காரர் கிளர்ச்சியில் திண்டுக்கல் பகுதியின் தலைவராக நின்ற விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். பாளையக்காரரும் குடிமக்களும் ஆயுதம் வைத்திருப்பதை அது தடைசெய்தது. சேவகம் என்ற சொல்லுக்கு ஊழியம் என்பதோடு வீரம் என்ற பொருளும் உண்டு; ஆண்டாள் திருப்பாவையில் அப்பொருளில் ஆள்கிறார். எங்கள் ஊர்ப்பெயரின் காரணம் எதுவாயினும், அந்தச் சொல்லின் இரண்டாம் பொருள் தென்பாண்டிச் சீமையில் மங்கத் தொடங்கிய நாளாக 1801 டிசம்பர் 1ஆம் நாளைக் கொள்ளலாம். ஒப்படைக்கப்பட்டவை உடைக்கப்பட்டன. ஒளிக்கப்பட்டவற்றை வெளியே எடுத்து எண்ணெய் இட முடியாது. பரணிலும் வைக்கோற்போரிலும் மண்ணுக்கடியிலும் அவற்றைத் துரு தின்றது. கும்பினியின் ஆணை தொடங்கியதைத் துரு முடித்து வைத்தது.

1878இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியருக்கு விலக்கும் அளித்தது. இன்று நடப்பிலிருப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் விதிகளும். துப்பாக்கியைச் செய்யவும் விற்கவும் மட்டுமன்றிப் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. உரிமம் பெற்றவர் தம் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெயிடுவது வேறு. உதிரிப் பாகம் சேர்த்து அதைச் சீராக்குவது வேறு.

45ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. வழக்கொழிந்த அமைப்பையோ தொன்மை மதிப்பையோ உடைய ஆயுதம், அல்லது சிதைந்துபோன ஆயுதம், பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடுகருவியாகப் பயன்படாத நிலையில் இருந்தால் அதைச் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. இந்த வரியைப் படித்தபோது நான் வியந்துபோனேன். துப்பாக்கியைத் துரு முற்றாகத் தின்று முடித்தபின் சட்டம் அதனை விடுதலை செய்கிறது! எங்கள் வீட்டுக் குழல் வெடித்துக் கிடப்பது ஒருவகையில் அதன் நல்லூழ். குதிரை தேடிப் பொருத்துகிறேன், பற்றுவாயைத் திறக்கிறேன் என்று எவரேனும் புறப்பட்டால், அது மீண்டும் துப்பாக்கியாகிச் சட்டத்தின் வாசலில் போய் நிற்கும். இத்தகைய பொருளை வைத்திருப்போர் தாமாக முடிவுகட்டாமல் காவல் நிலையத்தில் காட்டித் தெளிந்துகொள்வதே முறை. மைத்துனனிடம் நான் சொன்ன முதற்செய்தியும் அதுவே.

நாம் இழந்ததை இழக்காத மக்கள் நமக்கு அருகிலேயே இருக்கிறார்கள். காவிரி பிறக்கும் குடகு நாட்டில் கொடவர்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டு முதல் விலக்கு உண்டு. 2019இல் மத்திய அரசு அதை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. செப்டம்பர்த் தொடக்கத்தில் அவர்கள் கைல்போள்து என்ற ஆயுதத் திருநாளைக் கொண்டாடுகிறார்கள். நாற்று நடவு முடிந்த காலம் அது. துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெயிட்டுக் குலதெய்வ விளக்கின்முன் வைத்து மலர் சூட்டுகிறார்கள். கொடவ மொழியில் துப்பாக்கி தோக்கு. சூட்டும் மலர் தோக்குப் பூ. எந்த மலர் என்கிறீர்கள்? நம் செங்காந்தள்! சங்கப் புலவர்கள் மகளிரின் விரலுக்கு உவமை சொன்ன மலர், தமிழ்நாட்டின் மாநில மலர், நம் ஒட்டன்சத்திரம் பக்கத்து உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிரிடும் அதே கொடி. ஔவை கண்ட வேலுக்குப் பீலியும் மாலையும். குடகின் குழலுக்குக் காந்தள். அங்கே துப்பாக்கி ஆண்டுதோறும் கைபடுகிறது. ஆகவே துரு அதை அண்டுவதில்லை. பேணுதல் என்பது ஒருநாள் வேலையாக இல்லாமல் பண்டிகையாக ஆகிவிட்டால் உப்புத்தாளுக்குத் தேவையே ஏற்படாது.

நமக்கோ கையில் மிஞ்சியது துருவேறிய குழல். அதை என்ன செய்வது? நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதெல்லாம் பெரும்பாலும் தவறு. புளிக்கரைசல் துருவைக் கரைக்கும் என்பது மெய். ஆனால் சற்றே கழுவாமல் விட்டாலும் எஞ்சிய புளிப்பு மறுநாளே புதுத்துருவை அழைத்து வரும். உப்புத்தாளும் கம்பி பிரஷும் துரு எது, கொல்லன் போர்த்திய தோல் எது என்று பிரித்தறியா. பெயிண்ட் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். மேலே கறுப்பு மின்ன, அடியில் இரும்பு உளுக்கும். நல்லெண்ணெய் நாட்பட்டால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும்.

அருங்காட்சியகங்களின் வழி வேறு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதச் சாலையிலிருந்து வந்த கருவிகள் பல உள்ளன. நாட்டிலேயே முன்னோடியான வேதியியல் பாதுகாப்புக் கூடம் 1930இல் அங்கே எஸ். பரமசிவன் அவர்களின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. பாதுகாப்பாளர்களின் முதல் விதி, இயன்றவரை குறைவாகச் செய்தல். உதிரும் துருவை மட்டும் மென்மையாக நீக்குவார்கள். உறுதியாக ஒட்டிய கருந்துருவைத் தொடமாட்டார்கள். மண்ணிலிருந்து எடுத்த பழங்கருவியின் துருவில் அதைச் சுற்றியிருந்த துணியின் நெசவும், அழிந்துபோன மரப்பிடியின் நார்த்தடமும் பதிந்து நிற்பதுண்டு. பொருள் மறைந்தபின்னும் துரு அதை நினைவில் வைத்திருக்கும்.

எஞ்சிய செந்துருவை அடக்க அவர்கள் பயன்படுத்துவனவற்றுள் ஒன்று டானிக் அமிலம். அது துருவோடு கூடிக் கருநிறப் படலமாகிறது. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். கடுக்காயின் துவர்ப்பு இந்த இனத்தைச் சேர்ந்ததே. அன்னபேதியும் கடுக்காயும் கலந்து நம் முன்னோர் மை கூட்டியதும், கலம்காரி ஓவியர்கள் துருப்பிடித்த இரும்பை வெல்லநீரில் ஊறவைத்துக் கடுக்காய் தோய்ந்த துணியில் கறுப்பைத் தீட்டுவதும் இதே வேதியியல்தான். எழுத்துக்குக் கறுப்பைத் தந்த சேர்க்கை இரும்புக்குக் காப்பாகவும் ஆகிறது. இறுதியில் மெல்லிய மெழுகோ எந்திர எண்ணெயோ பூசி, வெறுங்கையால் தொடாமல், ஈரச்சுவரில் சாய்க்காமல் வைத்தால் போதும். விரலின் வியர்வையிலுள்ள உப்பே ஒரு துருவிதை.

இவ்வளவும் எழுதத் தூண்டியது மைத்துனனின் உப்புத்தாள் மட்டுமன்று. ஒரு கடனும் இருக்கிறது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஆயுத பூசைக்கு முந்தின நாள். கலப்பை, மண்வெட்டி, அரிவாள்களோடு துப்பாக்கியையும் துடைத்து வைக்கச் சொல்லிவிட்டுத் தாத்தா தோட்டத்துக்குப் போனார். எண்ணெய்த் துணியால் துடைக்கத்தான் சொன்னார். பேரன் அறிவாளி அல்லவா! பாட்டியிடம் புளி வாங்கி, செங்கல்லை இடித்துப் பொடியாக்கி, மாலை வரை தேய்த்தேன். பழுப்பாக இருந்த குழல் வெள்ளையாயிற்று. தாத்தா வந்தார். குழலை மடியில் வைத்துக்கொண்டு, அடிப்பக்கத்தில் வழக்கமாகத் தடவும் இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். அங்கே சில எழுத்துகள் பொறித்திருக்கும். ஏற்கெனவே தேய்ந்து மங்கியிருந்தவை. தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது எந்த மொழி என்றுகூட வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அவருக்கு அது விரலால் அறிந்த எழுத்து. திரும்பத் திரும்பத் தடவிவிட்டு, “எழுத்து போச்சேப்பா” என்றார். அதட்டவில்லை. மறுநாள் பூசையில் மற்றக் கருவிகளுக்கு வைத்ததுபோலவே அதற்கும் பொட்டு வைத்தார்.

பிற்காலத்தில் தமிழ் படித்தேன். கல்வெட்டுகளைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் சொல்கிறேன். கோயில் சுவரை மணல்வீச்சால் சுத்தம் செய்து எழுத்தை அழிக்கிறார்களே என்று கூட்டங்களில் குமுறியிருக்கிறேன். என் வாழ்நாளில் நான் கண்கூடாக அறிந்து அழிந்த முதல் எழுத்து, என் கையால் அழிந்தது. அது செய்தவன் பெயரா, ஒரு பாளையத்தின் குறியா, கும்பினியின் முத்திரையா, வெறும் எண்ணா, எதுவும் இனித் தெரியப் போவதில்லை. அன்று நான் குழலிலிருந்து நீக்கிய பழுப்பும் துருவாக இருந்திருக்க முடியாது என்று இப்போது எண்ணுகிறேன். ஏதோ ஒரு கொல்லன் நாட்கணக்கில் பொறுமையோடு போர்த்திய தோலாக அது இருந்திருக்கலாம். அதை உரித்தபின்தான் உண்மையான துரு உள்ளே புகுந்தது.

சொன்னபடி ஒரு வாரம் கழித்து மீண்டும் ஊருக்குப் போனேன். இருவரும் சேர்ந்து, உதிரும் துருவை மட்டும் பழைய பல்துலக்கியால் தட்டி எடுத்தோம். எந்திர எண்ணெயில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தோம். இருட்டிய பிறகு மைத்துனன் கைப்பேசி விளக்கைக் குழலின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தான். சாய்ந்த ஒளியில் அடிப்பக்கத்தில் ஒரு வளைவும் அதன் கீழே ஒரு கோடும் நிழலாய்த் தெரிந்தன. தமிழ் வகரமோ, தெலுங்கோ, ஓர் எண்ணோ, சொல்ல இயலவில்லை. படமெடுத்து வைத்திருக்கிறோம்.

“மின்னலயே மச்சான்” என்றான், சற்று ஏமாற்றத்தோடு.

மின்ன வேண்டாம். போருக்குப் போகாததால் மின்னிய வேலையும், போருக்குப் போனதால் முறிந்த வேலையும் ஔவை பார்த்தாள். போர் முடிந்து, உரிமை போய், உழவனின் பன்றிக்காவலுக்கு வந்து, அதுவும் ஓய்ந்து, பேரன்களின் கையில் அகப்பட்ட கருவியை அவள் பார்த்ததில்லை. அதற்கு நெய்யும் பீலியும் தேவையில்லை. இருப்பது இருந்தபடி நிற்க ஒரு துளி எண்ணெய் போதும்.

கூடத்து ஆணியில் அது இப்போது பழுப்பாகவே தொங்குகிறது. வீட்டுக்கு வரும் பிள்ளைகள் கைவைக்காத உயரத்தில் மாட்டச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதேனும் கிடக்கலாம். வாளோ, ஈட்டி முனையோ, பழைய மாங்காய்ப் பூட்டோ. வரும் ஆயுத பூசைக்கு அதை எடுக்கும்போது, செங்கற்பொடியைத் தேடுவதற்குமுன் ஒரு விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எழுத்திருந்தால் முதலில் படித்துவிடுங்கள்.